ஜெர்மனி வேலைக்கு ஏஜென்சி மூன்றரை லட்சம் கேட்கிறது, கட்டலாமா?

பள்ளத்தூரான் | 26 அக்டோபர் 2025

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன், நாளைக் காலை பல்லவன் ரயிலில் சென்னை திரும்புகிறேன். அதற்குள் ஒரு முடிவெடுக்க வேண்டும்.

வயது 28. காரைக்குடியில் பி.இ. முடித்து, சென்னையில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் ஆறாவது வருடம். ஜாவா, ஸ்பிரிங் பூட், கொஞ்சம் ஏடபிள்யூஎஸ். சம்பளம் குறைவு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆறு வருடமாக ஒரே மாதிரி டிக்கெட்டுகளை (வாடிக்கையாளர் புகார்களை) மூடிக்கொண்டிருக்கிறேன், அதுதான் உறுத்துகிறது.

சென்னையில் ஒரு கன்சல்டன்சி பேசியிருக்கிறார்கள். ஜெர்மனியில் வேலை உறுதி, மொத்தம் மூன்றரை லட்சம், பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். நாளை மாலைக்குள் கட்டினால்தான் இடம் நிற்குமாம். கம்பெனி பெயரைக் கேட்டால், பணம் கட்டியபின் சொல்கிறோம் என்கிறார்கள்.

வீட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். அப்பச்சி (அப்பா) தவறி மூன்று வருடம் ஆகிறது. அக்காவைக் கோவையில் கொடுத்திருக்கிறோம். எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்கு, பங்குள்ள வீட்டில் இப்போது ஆத்தா ஒருவர்தான் இருக்கிறார். மற்றவர்கள் முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவதோடு சரி. நான் போவதைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை. "உன் இஷ்டம்ப்பா" என்று மட்டும் சொல்கிறார், அது இன்னும் சங்கடமாக இருக்கிறது.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் | 26 அக்டோபர்

கட்டாதே தம்பி. காரணத்தை ஆபீஸ் முடிந்து விரிவாக எழுதுகிறேன். முதலில் நாளை பணம் அனுப்பாதே.

கழனிவாசல் | 26 அக்டோபர்

நான் ஸ்டுட்கார்ட்டில் நான்கு வருடமாக இருக்கிறேன். யாருக்கும் ஒரு பைசா கொடுத்து வரவில்லை. இங்கே என்னுடன் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளிலும் புரோகிராமர் வேலைக்கு ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

நடைமுறையைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது ப்ளூ கார்டு, படித்தவர்கள் இங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி. அதற்கு முதலில் இரண்டு விஷயம்: ஒரு ஜெர்மன் கம்பெனியின் வேலை ஒப்பந்தம், அதில் சட்டம் சொல்லும் அளவுக்குச் சம்பளம். 2025-ல் பொது வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஐடி போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கு 43,759 யூரோ 80 சென்ட். இது ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும், அதனால் விண்ணப்பிக்கும் வருடத்தின் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிகிரி. அனபின் என்ற ஜெர்மன் அரசுத் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ் (அங்கீகாரம் உண்டு) என்று போட்டிருக்கிறதா, உங்கள் படிப்பு அந்த நாட்டுப் படிப்புக்கு ஈடு என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்தால் போதும். இல்லாவிட்டால் ஸாப் என்ற அலுவலகத்தில் 208 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்கலாம். 2023 நவம்பருக்குப் பிறகு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. ஐடிக்காரர்களுக்கு டிகிரி இல்லாவிட்டாலும், கடந்த ஏழு வருடத்தில் மூன்று வருட அனுபவம் இருந்தால் ப்ளூ கார்டு கிடைக்கும். டிப்ளமோ முடித்துவிட்டு நன்றாகப் புரோகிராம் எழுதும் பிள்ளைகள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

படிப்புத் தாள்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று வேண்டும் என்று சொல்லிப் பணம் பிடுங்குவார்கள். அது படிக்கப் போகிறவர்களுக்கு, வேலைக்குப் போகிறவர்களுக்கு இல்லை.

இதில் எந்தப் படிக்கு மூன்றரை லட்சம் செலவாகும், சொல்லுங்கள்.

நெற்குப்பை | 27 அக்டோபர்

தம்பி, எனக்கு 74 வயது. கம்ப்யூட்டர் வேலை தெரியாது. ஒன்று மட்டும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எங்கள் அப்பச்சி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர்கள். பெட்டியடிப் பையனாக (கடைப்பையனாக) போய், அடுத்தாளாகி (துணையாளாகி), அப்புறம் ஏஜெண்டாகக் கடையைப் பார்த்தவர்கள். மூன்று வருடம் அங்கே, பிறகு ஊர், மறுபடியும் மூன்று வருடம். கப்பல் செலவு முதலாளியுடையது. சம்பளம் எவ்வளவு, எத்தனை வருடம், எல்லாம் புறப்படுவதற்கு முன்பே எழுதி முடிந்திருக்கும். வேலைக்குப் போகிறவன் வேலை கொடுப்பவனுக்குப் பணம் கட்டியதாக அவர்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. முதலாளி யார் என்று தெரியாமல் பெட்டி கட்டியதாகவும் கேட்டதில்லை.

உன்னிடம் கம்பெனி பெயரே சொல்லவில்லை என்கிறாய். அது ஒன்று போதாதா?

கோட்டையூர் | 27 அக்டோபர்

நேற்று சொன்ன காரணம் இது.

என் சின்னம்மா மகனுக்குப் போன வருடம் டெலிகிராமில் ஒரு வேலை வந்தது. பாங்காக், டிஜிட்டல் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ், மாதம் 1,200 டாலர், சாப்பாடு தங்குமிடம் இலவசம். நேர்காணல் பத்தே நிமிடம்: நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை தட்டச்சு செய்வாய், ஆங்கிலத்தில் உன்னைப் பற்றிச் சொல், அவ்வளவுதான். மூன்றாம் நாளே டிக்கெட் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஒரே சந்தோஷம். கொப்புடையம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு என்னிடம் காட்டுவதற்காக வேலை ஆர்டர் தாளைக் கொண்டுவந்தான்.

தாளில் கம்பெனி முகவரி இல்லை. வொர்க் பெர்மிட் பற்றி ஒரு வரி இல்லை. 'டூரிஸ்டாக வந்து இறங்குங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாட்ஸ்அப்பில் இருந்தது. நான் அன்று இரவு முழுக்க அவனுடன் உட்கார்ந்து, 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் விட்ட எச்சரிக்கையைப் படித்துக் காட்டினேன். ஐடி தெரிந்த பையன்களைத் தாய்லாந்து வேலை என்று அழைத்து, எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி பக்கம் கொண்டுபோய் அடைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்யச் சொல்லி அடிக்கிறார்கள். காலையில் டிக்கெட்டை வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். என் ஐயா (தாத்தா) 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அதே பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அன்றிரவு எனக்கு அந்த நினைவுதான்.

உங்கள் ஏஜென்சி அந்த மாதிரிக் கூட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். பதிவு செய்தவரும் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். மூன்றரை லட்சத்துக்கு எந்தக் கணக்கும் ஒத்துவராது.

பள்ளத்தூரான் | 27 அக்டோபர்

பணம் கட்டவில்லை. பதிவு எண் கேட்டேன், போனை வைத்துவிட்டார்கள். நெற்குப்பை ஐயாவுக்கும் கோட்டையூர் அண்ணனுக்கும் நன்றி.

அப்படியானால் நானே தேடுவது எப்படி? லிங்க்ட்இன்னில் இரண்டு மாதமாக நூறு இடத்துக்கு மேல் அனுப்பிவிட்டேன். பதில் வந்தவை எல்லாம் 'வருந்துகிறோம்' தான். அமெரிக்காவையும் யோசித்தேன்.

கானாடுகாத்தான் | 28 அக்டோபர்

தம்பி, நான் நெதர்லாந்தில் ஐன்தோவனில் இருக்கிறேன். பொறியாளர், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா.

அமெரிக்காவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எச்1பி வேலை விசா ஆண்டுக்கு 85,000, அதுவும் குலுக்கல். 2025 செப்டம்பர் அறிவிப்புப்படி வெளியில் இருக்கும் ஆளுக்குப் புதிதாக விண்ணப்பித்தால் கம்பெனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும். உங்களைத் தெரியாத கம்பெனி அதைக் கட்டாது.

இனி உங்கள் நூறு விண்ணப்பத்துக்கு வருகிறேன். விசா தர முடியாத கம்பெனிக்கு அனுப்பியதெல்லாம் வீண். இங்கே குடியேற்றத் துறை, ஆள் அழைக்க அங்கீகாரம் பெற்ற கம்பெனிகளின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. பிரிட்டனும் அப்படியே வைத்திருக்கிறது. முதலில் அந்தப் பட்டியல், அப்புறம் அந்தக் கம்பெனியின் வேலைப் பக்கம், கடைசியில் லிங்க்ட்இன். நான் இந்த வரிசைக்கு மாறிய பிறகுதான் பதில் வரத் தொடங்கியது. இங்கே 2025 வரம்பு, 30 வயதுக்குக் கீழே மாதம் 4,171 யூரோ, 30 ஆகிவிட்டால் 5,688. உங்களுக்கு 28, அதனால் இந்த இரண்டு வருடம் உங்களுக்குச் சாதகமான காலம், வீணாக்காதீர்கள். கணவனோ மனைவியோ உடன் வந்தால் அவர்களும் தனி அனுமதி இல்லாமல் வேலை பார்க்கலாம். ஆனால் வீடு கிடைப்பது பெரும்பாடு.

உங்கள் சிவியை (படிப்பு, வேலை விவரத் தாளை) இங்கே ஒட்டுங்கள், பெயரை அழித்துவிட்டு.

பள்ளத்தூரான் | 28 அக்டோபர்

ஆச்சி, முதல் வரி இதுதான்: 'வங்கித் துறை வாடிக்கையாளருக்கான ப்ராஜெக்டில் ஜாவா டெவலப்பராக மேம்பாடு, பராமரிப்பு, டிக்கெட் தீர்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பு.' கீழேயும் எல்லாம் இந்த மாதிரிதான்.

கானாடுகாத்தான் | 29 அக்டோபர்

இதில் நீங்கள் எங்கேயும் இல்லை தம்பி. உங்கள் டீமில் இருக்கும் இருபது பேரும் இதே வரியைத்தான் எழுதியிருப்பார்கள். கண்ணை மூடி யோசியுங்கள். ஆறு வருடத்தில் நீங்கள் இல்லாவிட்டால் நடந்திருக்காது என்று எதைச் சொல்வீர்கள்?

பள்ளத்தூரான் | 29 அக்டோபர்

இரவில் தானாக ஓடிக் கணக்குச் சரிபார்க்கும் ஒரு பேட்ச் ஜாப் இருந்தது. மூன்று மணி நேரம் ஓடும், சில நாள் காலை எட்டு வரை இழுக்கும், கிளைகள் திறக்கும் நேரத்தில் இருப்பு தப்பாகக் காட்டும். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக டேட்டாபேஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. நான் அதை ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்து எடுக்கும்படி மாற்றி, ஒரு இண்டெக்ஸ் போட்டேன். 40 நிமிடத்தில் முடிகிறது. யாரும் செய்யச் சொல்லவில்லை, நைட் ஷிப்டில் இருந்தவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கானாடுகாத்தான் | 29 அக்டோபர்

இதுதான் உங்கள் முதல் வரி! மூன்று மணி நேரம் 40 நிமிடமானது, எப்படி, எதனால், அவ்வளவும் இரண்டு வரியில். இதைப் போல இன்னும் மூன்று எடுங்கள். தெரிந்த டூல்களின் நீளப் பட்டியலைத் தூக்குங்கள், இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். மேலே ஓரத்தில் 'விசா ஸ்பான்சர் தேவை, நோட்டீஸ் 90 நாள்' என்று நேராகப் போட்டுவிடுங்கள். அதை மறைத்து மூன்றாவது சுற்று வரை போய் முறிந்தால் மனசு ரொம்ப விட்டுப்போகும்.

நேர்காணலில் நம் பிள்ளைகள் தடுக்குவது புரோகிராமில் இல்லை. 'உன் மேனேஜர் சொன்னது தவறு என்று எப்போதாவது மறுத்தாயா?' என்று கேட்பார்கள். நாம் பெரியவர் சொன்னால் சரி என்று வளர்ந்தவர்கள். நான் முதல் தடவை 'அப்படி நேர்ந்ததே இல்லை' என்று சொல்லி வாய்ப்பை இழந்தேன். ஏன் இந்த டேட்டாபேஸ், ஏன் இப்படிப் பிரித்தாய் என்று ஏன் ஏன் என்று துருவுவார்கள். அது சண்டை இல்லை, கூட வேலை செய்தால் எப்படி இருப்பாய் என்று பார்க்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, இன்றைக்கே பாருங்கள்: பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது?

பள்ளத்தூரான் | 30 அக்டோபர்

முழுப் பெயரும் கிவன் நேமில் இருக்கிறது. சர்நேம் காலி. டிகிரியில் 'பிஎல்.எஸ்பி.' என்று இனிஷியல் முன்னால்.

கானாடுகாத்தான் | 30 அக்டோபர்

பயந்தது சரிதான். எனக்கும் அப்படியே இருந்தது. நம் பக்கம் ஐயா பெயர், அப்பச்சி பெயர் என்று இரண்டு இனிஷியல் போட்டுப் பள்ளிக்கூடத்தில் எழுதிவிடுவார்கள். இங்கே வந்தால் குடும்பப் பெயர் இல்லாத ஆளைக் கம்ப்யூட்டர் ஏற்பதில்லை. நகராட்சியில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, இன்சூரன்ஸ் அட்டையில் வேறு மாதிரிப் பதிந்தார்கள். முதல் மாதச் சம்பளம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிப் போய்விட்டது. ஆபர் வந்தபின் பெயரை மாற்றினால் எல்லாத் தாளையும் மறுபடி எடுக்க வேண்டும். இப்போதே அப்பச்சி பெயரைச் சர்நேமாகப் பிரித்து பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ வாங்கிவிடுங்கள்.

செக்காலை | 1 நவம்பர்

எல்லோரும் போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். திரும்பி வந்தவன் பேசுகிறேன்.

மியூனிக்கில் மூன்று வருடம் இருந்தேன். நல்ல வேலை, நல்ல மனிதர்கள். 2023 ஜனவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம். செய்தி வந்தபோது அங்கே இரவு பதினொன்று. டிக்கெட் எடுத்து, துபாய் வழியாகச் சென்னை வந்து, அங்கிருந்து காரில் காரைக்குடி மருத்துவமனைக்கு வந்து சேர 29 மணி நேரம். நான் வந்தபோது அவருக்குப் பேச்சு போயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தார். என்ன சொல்ல நினைத்தார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நாற்பது நாளில் போய்விட்டார்.

அதன்பிறகு நான் திரும்பிப் போகவில்லை. இப்போது ஒரு ஐரோப்பிய கம்பெனிக்குச் செக்காலை ரோட்டில் வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்க்கிறேன். அங்கே வாங்கியதில் பாதிக்கும் குறைவு, ஆனால் அம்மாவுடன் மதியம் சாப்பிடுகிறேன். பள்ளத்தூர் தம்பி, உங்கள் ஆத்தா தனியாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். விசா, சிவி எல்லாம் இரண்டாவது. அதை முதலில் யோசியுங்கள்.

கழனிவாசல் | 1 நவம்பர்

செக்காலை, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் அனுபவத்தை மறுத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 28 வயதில் போகாமல் இருந்துவிட்டு, 40 வயதில் ஆத்தாவால்தான் போகவில்லை என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் அந்தத் தாய் தாங்க மாட்டார். எங்கள் வீட்டில் மாமா ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார், அப்பத்தா அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே போவதா வேண்டாமா என்பதோடு நிற்காமல், ஆத்தாவை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்றும் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதன்முதலாக ப்ளூ கார்டு வாங்குபவர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எனக்கு அது கிடையாது, நான் முன்பே வந்துவிட்டேன். உங்களுக்கு உண்டு. சிக்கல் மருத்துவக் காப்பீடு. வயதானவருக்குத் தனியார் காப்பீடு தேடிப் பிடிப்பது கடினம், பிரீமியமும் அதிகம். சிங்கப்பூரில் பெற்றோருக்கு நீண்டகால அனுமதி வாங்க மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி இருக்க வேண்டும். உங்கள் அனுபவத்துக்கு இப்போது அது எட்டாது.

இங்கே வந்தபின் என்ன என்று யாரும் சொல்வதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஆண்டுக்கு 55,000 என்று ஒப்பந்தத்தில் இருந்தால் தனி ஆளுக்கு வரி, காப்பீடு எல்லாம் போய் மாதம் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கைக்கு வரும். பெரும்பாலான வாடகை வீடுகளில் அடுப்படியே இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாயும் கரண்ட் பாயிண்டும் மட்டும் இருக்கும், அடுப்பும் மேடையும் நீங்கள்தான் வாங்க வேண்டும். இரண்டாம் கட்டில் (உள்முற்றத்தில்) பத்துப் பேருக்குப் பணியாரம் ஊற்றும் வீட்டிலிருந்து வந்த எனக்கு முதல் மாதம் ஒரு எலக்ட்ரிக் குக்கர்தான் எல்லாமே. டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், இரண்டு வார அவகாசத்தில் அனுப்பிவிடலாம். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் ஏறாதீர்கள்.

மொழியை இன்றே தொடங்குங்கள். ஜெர்மனில் அடிப்படை நிலையான ஏ1 இருந்தால் 27 மாதத்தில், அதைவிட மேலான பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. அது கையில் வந்துவிட்டால் அவசரத்துக்கு ஊருக்கு வந்து சில மாதம் தங்கலாம், வேலையை விட்டாலும் விசா போகாது. செக்காலைக்கு அன்று அது இருந்திருந்தால்!

செக்காலை | 2 நவம்பர்

உண்மைதான். மூன்று வருடம் இருந்தும் நான் மொழி படிக்கவில்லை. ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தொகை | 3 நவம்பர்

தேவகோட்டையில் கணக்குத் தணிக்கை செய்கிறேன். போகிறவர்கள் கடைசி வாரத்தில் ஓடிவருவதால் முன்கூட்டியே சொல்கிறேன். புறப்பட்டதும் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், பழையபடியே வைத்திருப்பது பெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு. அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்ஆர்இ தனி. ஆத்தா கணக்கை இயக்க வங்கியில் அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டால் கரண்ட் பில், வீட்டு வரிக்கு அவர் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. பங்கு வீடு என்கிறீர்கள். மராமத்துக்கோ பாகத்துக்கோ கையெழுத்து வேண்டியிருக்கும். அக்கா பெயருக்கு ஒரு பவர் எழுதிப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து தூதரகம் போய் எழுதி அனுப்புவது பெரிய அலைச்சல்.

பழைய கம்பெனியில் அனுபவச் சான்றை வேலை விவரத்தோடு கேட்டு வாங்குங்கள். தேதி மட்டும் போட்டுக் கொடுப்பதை விசா அலுவலகத்தில் ஏற்காமல் போகலாம்.

பள்ளத்தூரான் | 14 டிசம்பர்

ஆறு வாரம் ஆகிவிட்டது, தகவல் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

சிவியை மாற்றினேன். பட்டியலில் இருக்கும் கம்பெனிகளுக்கும் விசா தரும் ஜெர்மன் கம்பெனிகளுக்கும் மட்டும் 31 விண்ணப்பம். ஏழு பேர் பேசினார்கள். ஒன்றில் கடைசிச் சுற்று வரை போய்க் கிடைக்கவில்லை. இன்னொன்று ஜெர்மனியில் லைப்ஸிக்கில், சரக்குப் போக்குவரத்து மென்பொருள் செய்யும் சிறிய கம்பெனி. அந்த பேட்ச் ஜாப் பற்றியே முக்கால் மணி நேரம் கேட்டார்கள். மேனேஜரை மறுத்தாயா என்ற கேள்வியும் வந்தது, ஆச்சி. வியாழக்கிழமை கடைசிச் சுற்று. காலையில் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏ1 பாடம் ஓடுகிறது.

இங்கே எழுதியதையெல்லாம் ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். செக்காலை அண்ணன் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் பட்டாலையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "உங்க ஐயா மூணு வருசத்துக்கு ஒருக்கத்தான் வருவாக. அப்பத்தாவை ஒரு தடவை கூடக் கூட்டிக்கிட்டுப் போனதில்ல. நீ என்னைக் கூட்டிக்கிட்டுப் போவியா?" என்று கேட்டார். அவருக்கு வரும் எண்ணம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நான்தான் கேட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அதனால் இரண்டு பாஸ்போர்ட்: எனக்கு ரீ-இஷ்யூ, ஆத்தாவுக்குப் புதிது. மதுரையில் ஒரே நாளில் நேரம் கிடைத்திருக்கிறது. ஒரே கவலை, ஆத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வீட்டிலேயே பிறந்தவர், அந்தக் காலத்தில் பதியவில்லை. ஐந்தொகை ஐயா, இதற்கு என்ன செய்வது?

ஐந்தொகை | 14 டிசம்பர்

கவலை வேண்டாம். பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்பது 2023 அக்டோபர் 1-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு. ஆத்தாவின் பள்ளி டி.சி. இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் பான் கார்டோ வாக்காளர் அட்டையோ, பிறந்த தேதி முழுதாக இருப்பதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் உள்ள தேதியும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றிரவே சரிபாருங்கள், பெயரின் எழுத்துக் கோர்வையையும் சேர்த்து. வேறாக இருந்தால் ஆதாரைத் திருத்திவிட்டு மதுரைக்குப் போங்கள்.

நெற்குப்பை | 15 டிசம்பர்

டி.சி. பழைய தகரப் பெட்டியில் இருக்கும். எங்கள் வீட்டில் அங்கேதான் இருந்தது. ஆத்தாவிடம் சாவியைக் கேள் தம்பி.